சைலன்சரை மாத்தினா லாரிக்காரர் ஒதுங்குவாரா?

கேள்வி: அண்ணா வணக்கம். நான் கோயமுத்தூர் நீலாம்பூர் பக்கம், வயசு 24. வேலை ஈச்சனாரி தாண்டி ஒரு கம்பெனில, டெய்லி எல் அண்ட் டி பைபாஸ்லதான் போயிட்டு வரேன். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2022 மாடல். போன மாசம் சிந்தாமணிப்புதூர்கிட்ட ஒரு கார்க்காரர் என்னைப் பார்க்காமயே குறுக்க வந்துட்டார், மயிரிழைல தப்பிச்சேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "கம்பெனில இருந்து வர்ற ஸ்டாக் சைலன்சர்ல சத்தமே வராது, அதான் நீ வர்றது எவனுக்கும் தெரியல, நல்ல சத்தமான சைலன்சரா போடு, லாரிக்காரன்கூட ஒதுங்குவான்"ங்கறாங்க. அமெரிக்காவுலயும் சத்தமான பைப்பு உயிரைக் காப்பாத்தும்னு வண்டில ஸ்டிக்கரே ஒட்டுவாங்களாமே. கடைல 7,500 ரூபா சொன்னாங்க, 1,000 ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டேன். அப்பா வேண்டவே வேண்டாங்கறார். இது நிஜமாவே சேஃப்டிக்கு உதவுமா, இல்ல கெத்துக்கு மட்டும்தானா? போட்டா வண்டிக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: தம்பி, அடி படாம வந்து சேர்ந்தீங்க பாருங்க, அது பெரிய விஷயம். நேரா சொல்லிடறேன், உதவாதுங்க. அன்னைக்கு உங்களுக்கு நடந்த மாதிரி ஒரு சம்பவத்துல அந்த 7,500 ரூபா சைலன்சர் ஒரு பிரயோஜனமும் பண்ணியிருக்காது. கெத்துக்குன்னு நீங்க கேட்டிருந்தா நான் எதுவும் சொல்ல மாட்டேன், சொன்னாலும் 24 வயசுல யாரும் கேக்கப்போறதில்லை. சேஃப்டின்னு கேட்டதுனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

பட்டறையும் வச்சிருக்கேன், வாரக்கடைசில வண்டி ஓட்டவும் சொல்லித் தரேன், அதனால சைலன்சர் மாத்தணும்னு வர்றவங்களையும் பார்க்கறேன், எங்கயோ விழுந்து ஹேண்டில்பார் கோணிப்போன வண்டிய தள்ளிட்டு வர்றவங்களையும் பார்க்கறேன். இந்த ரெண்டாவது கூட்டத்துல சத்தமான சைலன்சர் போட்டவங்க ஒண்ணும் கம்மியா இல்லீங்க. அதை வச்சு மட்டும் முடிவு பண்ணக்கூடாதுதான், ஏன்னா அப்படிப் போடறவங்க ஓட்டற ஸ்டைலே வேற. அதனால பட்டறை அனுபவத்தை ஓரமா வச்சுட்டு, ஆளுங்க உக்காந்து ஆராய்ச்சி பண்ணி எழுதினதைப் பார்ப்போம்.

உங்க ஃப்ரெண்ட்ஸ் சொன்ன அந்த ஸ்டிக்கர் கதை உண்மைதான், அமெரிக்காவுல பெரிய பெரிய க்ரூஸர் வண்டி ஓட்டறவங்ககிட்ட அது ஒரு வேதவாக்கு மாதிரி. ஆனா அதே அமெரிக்காவுலதான் 1981ல ஹேரி ஹர்ட்டுங்கறவர் யுனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் கலிஃபோர்னியாவுல இருந்து ஒரு ரிப்போர்ட் போட்டார், லாஸ் ஏஞ்சலஸ் ஏரியாவுல நடந்த 900 பைக் விபத்தை ஸ்பாட்டுக்கே ஆளுங்க போய் அளந்து பார்த்து எழுதினது, அதுபோக 3,600 போலீஸ் ரிப்போர்ட்டையும் அலசியிருக்காங்க. பைக் ஓட்ட சொல்லித்தர்றவங்க இன்னைக்கும் அதை எடுத்துப் பேசுவாங்க. அதுல என்ன வந்துச்சுன்னா, பைக்கும் இன்னொரு வண்டியும் மோதின கேஸ்ல மூணுல ரெண்டு பங்கு அந்த இன்னொரு வண்டிக்காரர் பைக்குக்கு வழி விட வேண்டிய இடத்துல விடாம குறுக்க வந்ததுதான். கேட்டா "பைக்கை நான் பார்க்கவே இல்லை"ன்னுதான் பதில். உங்க கார்க்காரரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அதே ரிப்போர்ட்ல இன்னொரு விஷயம், இதுதான் நம்ம பேச்சுக்கு ரொம்ப முக்கியம். ஆபத்து எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுன்னு பார்த்தா, நாலுல மூணு பங்குக்கு மேல பைக்காரருக்கு நேர் முன்னாடி, இடது பக்கம் 45 டிகிரி வலது பக்கம் 45 டிகிரிக்குள்ளதான் இருந்திருக்கு. இப்ப நீங்க எந்திரிச்சுப் போய் உங்க வண்டியப் பாருங்க, சைலன்சர் வாய் எந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்கு? பின்னாடி. முதுகுல ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு எதிர்ல வர்றவன்கிட்ட "வழி விடுப்பா"ன்னு சொல்ற மாதிரி ஆகுதுங்க இது. உங்க கார்க்காரர் எதிர்ல வந்து ரைட்ல திரும்பினாரா, இல்ல சைடு ரோட்டுல இருந்து ஏறினாரான்னு நீங்க எழுதலை, ரெண்டுல எதுவா இருந்தாலும் அவர் உங்களுக்கு முன்னாடிதான இருந்திருக்கார். சத்தம் முழுசா போய்ச் சேர்ந்தது உங்களுக்குப் பின்னாடி வந்த, ஏற்கனவே உங்க முதுகைப் பார்த்துட்டு இருந்த ஆளுக்குத்தான்.

சரி, பின்னாடி பார்த்திருந்தா என்ன, சத்தம் சுத்தியும்தானே பரவும்னு கேப்பீங்க. பரவும்தான். வாங்க கணக்கு போட்டுப் பார்ப்போம், சுமாரான கணக்குதான், ஆனா போதும். உங்க வண்டி மாதிரி 175 சிசிக்கு மேல இருக்கற டூவீலருக்கு கம்பெனில இருந்து வர்றப்போ சத்தத்துக்கு லிமிட் 80 டெசிபல், 2005 ஏப்ரல்ல இருந்து இதுதான் ரூல். வண்டிய முறுக்கிட்டுப் போறப்போ 7.5 மீட்டர் தள்ளி மைக் வச்சு அளப்பாங்க. நீங்க போடப்போற சைலன்சர்ல அது 95 ஆகுதுன்னு வச்சுக்குவோம், 95ங்கறது காதைப் பொத்தற ரகம். தூரம் டபுள் ஆக ஆக 6 டெசிபல் குறையும், அப்ப 15 மீட்டர்ல 89, 30 மீட்டர்ல 83. கார் கண்ணாடி ஏத்தியிருந்தா அதுல இருந்து ஒரு 25 போயிடும், மிச்சம் 58. உள்ள ஏசி ஓடுது, டயர் சத்தம், இளையராஜா பாட்டு ஒண்ணு ஓடுது, எல்லாம் சேர்ந்து சாதாரணமா 65, 70 இருக்கும். 58 வந்து 65க்குள்ள காணாமப் போயிடும். இத்தனைக்கும் இது வண்டியோட சத்தமான பக்கத்துல முழு ஆக்சிலேட்டர்ல அளந்த கணக்கு, நீங்க 60ல சும்மா உருட்டிட்டு வர்றப்போ, அதுவும் முன்பக்கத்துல, இன்னும் குறைச்சல்தான்.

60ல போனா ஒரு செகண்டுக்கு 16, 17 மீட்டர் கடக்கறீங்க. அந்த 30 மீட்டர்ங்கறது ரெண்டு செகண்டுகூட இல்லை. ஹர்ட் ரிப்போர்ட்லயும் அதே ரெண்டு செகண்டுதான் வருது, ஆபத்து ஆரம்பிச்சதுல இருந்து மோதற வரைக்கும் பைக்காரருக்குக் கிடைச்ச டைம் பொதுவா ரெண்டு செகண்டுக்கும் கம்மி. ஆக கார்க்காரருக்கு உங்க சத்தம் நல்லாவே கேக்கற நேரத்துல நீங்க அவர் கதவுகிட்ட வந்திருப்பீங்க.

கணக்கு பிடிக்கலைன்னா நேர்லயே செஞ்சு பாருங்க, நாங்க பட்டறைக்கு முன்னாடி சர்வீஸ் ரோட்டுல பசங்களுக்கு இதைச் செஞ்சு காட்டறது உண்டு. ஒரு ஸ்விஃப்ட்ல பையனை டிரைவர் சீட்ல உக்கார வச்சு, எஞ்சினை ஆன் பண்ணி, கண்ணாடி ஏத்தி, ஏசி ரெண்டுல, பாட்டு அவனுக்குப் பிடிச்ச வால்யூம்ல வச்சுக்கச் சொல்லிடுவோம். மிரரை மடக்கிடுவோம். உள்ள தடுப்பு இல்லாத ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்ட புல்லட் ஒண்ணு பின்னாடி தூரத்துல இருந்து வரும், சத்தம் கேட்டதும் கையைத் தூக்கணும். வெளில நிக்கற எங்களுக்கு வண்டி தெருமுனைல திரும்பறப்பவே காது கிழியுது, உள்ள உக்காந்திருக்கறவன் செல்லுல பாட்டு மாத்திட்டு இருக்கான். கை எப்ப மேல போகும்னா புல்லட்டோட முன் வீல் காரோட டிக்கிகிட்ட வந்தப்புறம். இது பின்னாடி இருந்து வர்றப்போ, கார் நின்னுட்டு இருக்கறப்போ. ஓடற கார்ல ரோடு சத்தமும் சேர்ந்துக்கும். ருமேனியாவுலயும் இதே மாதிரி ஒரு யுனிவர்சிட்டி பைக்காரங்களோட சேர்ந்து கருவி வச்சு அளந்து பார்த்துட்டு, ரொம்பக் கிட்ட வந்தாத்தான் காருக்குள்ள கேக்குதுன்னு சொல்லிட்டாங்க.

லாரிக்காரர் ஒதுங்குவார்னு சொன்னாங்களே, அதுதான் எனக்கு சிரிப்பு. நம்மூர் பழைய லாரி கேபின்ல ஒரு நாளாவது உக்காந்து போயிருக்கீங்களா? எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்துலயே ஒரு மூடியைப் போட்டுட்டு உறுமிக்கிட்டு இருக்கும், கிளீனர்கிட்ட பேசறதுக்கே கத்தணும். அந்த மனுஷன் உங்களைக் கண்டுபிடிக்கறது மிரர்லதான், காதுல இல்லை. இப்ப 2025 அக்டோபர் 1ல இருந்து தயாராகற லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயம்னு ஆயிருக்கு, டிரைவருங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சு கிடைச்ச நல்ல விஷயம், அதுல நமக்கு என்னன்னா இனி அந்தக் கண்ணாடியும் ஏறிடும். வருஷம் போகப் போக காதை நம்பி ஓட்டறதுக்கு வழியே இல்லாம ஆகிட்டு இருக்கு.

இன்னொண்ணு, கேட்டாலும் எங்கிருந்து வருதுன்னு தெரியணுமே. புல்லட்டு டப்பு டப்புங்கற அந்த அடி கனமான கீழ் ஸ்தாயி சத்தம். ஹார்ன் மாதிரி கூர்மையான சத்தம்னா காது பட்டுன்னு திசையைப் பிடிச்சுடும், இந்த மாதிரி கனமான சத்தம் கார் பாடி வழியா எல்லாப் பக்கமும் இருந்து உள்ள வரும், "எங்கயோ ஒரு புல்லட்டு போகுது"ன்னு மட்டும்தான் தெரியும். ரெண்டு பக்கமும் பில்டிங் இருக்கற ரோடுன்னா எதிரொலி வேற. டிரைவர் இடது மிரரைப் பார்த்துட்டு இருப்பார், நீங்க வலது பக்கம் இருப்பீங்க.

நம்மூர்ல பின்னாடி வந்து இடிக்கறதுதானே அதிகம், அதுக்காவது உதவாதான்னு ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. மத்திய அரசோட 2022 விபத்து ரிப்போர்ட்ல பின்னாடி இருந்து மோதற வகைதான் முதல் இடத்துல இருக்கு, கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணு. ஆனா அதுக்குள்ள போய்ப் பாருங்க. பின்னாடி வர்றவர் உங்களைப் பார்க்காம இடிக்கறதில்லை, தூங்கிட்டோ, செல்லைப் பார்த்துட்டோ, ஒட்டி வந்துட்டு ப்ரேக் பிடிக்காமலோதான் இடிக்கறார். இது போக நம்ம பைக்காரங்களே போய் ரோட்டோரம் டெயில் லைட்டு இல்லாம நிக்கற லாரில மோதறதும் உண்டு, ராத்திரி பைபாஸ்ல போற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நிக்கற லாரிக்கு காது இருக்கா தம்பி?

சத்தத்துக்குப் பிரயோஜனமே இல்லைன்னும் நான் சொல்ல மாட்டேன். ஆமை மாதிரி நகர்ற டிராஃபிக்ல கார் இடுக்குல புகுந்து போறப்போ, கண்ணாடி இறக்கியிருக்கற ஆட்டோக்காரருக்கு நீங்க வர்றது தெரியும். செல்லுல பேசிக்கிட்டே ரோட்டுல இறங்கற ஆளுக்குத் தெரியும். ஆனா அதுக்கு எவ்ளோ சத்தம் வேணும்? கரண்டு கார் சத்தமே இல்லாம வருது, நடந்து போறவங்களுக்கு ஆபத்துன்னு சொல்லி ஐரோப்பாவுல அந்தக் காருங்களுக்கெல்லாம் செயற்கையா சத்தம் வைக்கச் சொல்லி சட்டம் போட்டாங்க, 2021 ஜூலைல இருந்து வர்ற புது வண்டி எல்லாத்துக்கும் கட்டாயம். 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் வச்சா போதும், 56 டெசிபல் இருந்தா போதும், 75க்கு மேல போகவே கூடாது. நடக்கறவங்க பாதுகாப்புக்குன்னே உக்காந்து யோசிச்சவங்க போட்ட மேல் வரம்பே 75தான். உங்க ஸ்டாக் சைலன்சர் மெதுவாப் போறப்பவே அந்த வேலையைச் செஞ்சிட்டுதான் இருக்கு, அதுவும் புல்லட்டுல சத்தமே வராதுன்னு சொல்ற உங்க ஃப்ரெண்டை ஒரு தடவை ராத்திரி 11 மணிக்கு பக்கத்து வீட்டுக்காரரா மாறிப் பார்க்கச் சொல்லுங்க.

அடுத்தது உங்க காது. 100ல போனா ஹெல்மெட்டுக்குள்ள காத்து சத்தம் மட்டுமே 95 டெசிபலைத் தொடும். காதுக்கு 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் டைம் பாதியாகுங்கறதுதான் அமெரிக்காவுல தொழிலாளர் உடல்நலம் பார்க்கற நியோஷ் வச்சிருக்கற கணக்கு, அப்படிப் பார்த்தா 94ல ஒரு மணி நேரம், 100ல கால் மணி நேரம். டெய்லி பைபாஸ்ல போய்ட்டு வர்ற ஆளு அதுக்கு மேல இந்தச் சத்தத்தையும் ஏத்திக்கிட்டா, 40 வயசுல ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும். அதைவிட அவசரமான பிரச்னை ஒண்ணு இருக்கு, நீங்க மத்தவங்களுக்குக் கேக்கறீங்களோ இல்லையோ, மத்தவங்க உங்களுக்குக் கேக்க மாட்டாங்க. பின்னாடி ஆம்புலன்ஸ் வரும், டவுன் பஸ் கண்டக்டர் விசில் அடிப்பார், டிப்பர் லாரிக்காரர் ஓவர்டேக் பண்றதுக்கு முன்னாடி ஹார்ன் அடிச்சுட்டு வருவார், இதெல்லாம் பைபாஸ்ல உயிரைக் காப்பாத்தற சத்தம். அதையெல்லாம் முழுங்கிடுச்சுன்னா நீங்க சத்தத்தால சேஃப்டியைக் கூட்டலை, குறைச்சிருக்கீங்க.

இதுல ஒரு குட்டி விஷயம் எல்லாரும் விட்டுடறாங்க. கியர் குறைச்சு ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சர்ல பட்டாசு மாதிரி படபடன்னு வெடிக்குமே, அதைப் பக்கத்துல ஸ்கூட்டில குழந்தையை முன்னாடி நிக்க வச்சுட்டுப் போற ஒரு அக்கா கேட்டா என்ன பண்ணுவாங்க? பதறிப்போய் ஹேண்டிலை ஒடிப்பாங்க, இல்ல சடன் ப்ரேக் அடிப்பாங்க. அவங்க விழுந்தா பின்னாடி வர்றது நீங்கதான். பயந்துபோன ஆளு எந்தப் பக்கம் திரும்புவார்னு யாராலும் சொல்ல முடியாது. நாய் துரத்தறதை நான் சொல்லவே வேண்டியதில்லை, எங்க தெருல ஒரு கருப்பன் இருக்கான், ஸ்டாக் வண்டிக்கு வாலை ஆட்டிட்டுப் படுத்திருப்பான், இந்தோரின்னு சொல்ற சத்தமான சைலன்சர் வண்டி வந்தா முக்கு வரைக்கும் வழியனுப்பி வச்சுட்டு வருவான்.

இப்ப வண்டிக்கு என்ன ஆகும்னு கேட்டீங்க. சைலன்சரை அறுத்துப் பார்த்திருக்கீங்களா? உள்ள அறை அறையா தடுப்பு, ஓட்டை போட்ட குழாய், புகை அதுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போய் வேகம் அடங்கி வெளில வரும். கடைல விக்கற ஷார்ட் பாட்டில், கோல்ட்ஸ்டார், மெகாஃபோன் இதுல பாதிக்கு மேல உள்ள ஒரே ஒரு ஓட்டைக் குழாய், அதைச் சுத்தி கிளாஸ் வூல், அவ்ளோதான். அந்த கிளாஸ் வூல் சில மாசத்துல கருகிப் பொடியாகி வெளில பறந்துடும், வாங்கினப்ப இருந்த சத்தம் வேற, தீபாவளி முடிஞ்சு வர்ற சத்தம் வேற. பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுன்னா கார்ப்பரேட்டர்ல ஜெட் மாத்தி சமாளிப்பாங்க. உங்களோடது பிஎஸ் 6, அதாவது புது புகை விதிப்படி வந்த வண்டி, எவ்ளோ பெட்ரோல் ஊத்தணும்னு புகைல இருக்கற ஆக்சிஜனை சென்சார் அளந்து வண்டியோட கம்ப்யூட்டரான ஈசியுவுக்குச் சொல்லிட்டே இருக்கும், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்டரும் அந்த லைன்லயேதான் உக்காந்திருக்கு. எதை எடுக்கறோம் எதை விடறோம்னு தெரியாத ஆளு கைவச்சா மீட்டர்ல மஞ்ச விளக்கு எரியும், ஸ்லோ ஸ்பீடுல வண்டி இழுத்து இழுத்துப் போகும், ஜங்ஷன்ல ஆஃப் ஆகும். சேஃப்டிக்குன்னு மாத்தின சாமான் சிந்தாமணிப்புதூர் நடு ரோட்டுல உங்களை நிக்க வச்சா எப்படி இருக்கும். பவர் ஏறுச்சுன்னு சொல்வாங்க, அது பெரும்பாலும் சத்தம் ஏறினதுனால வர்ற நினைப்பு.

சட்டத்தையும் சுருக்கமா சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2), 2019 திருத்தத்துக்கு அப்புறம் சத்தம் அளவு மீறினா முதல் தடவையே மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 10,000 ரூபா வரைக்கும் ஃபைன் இல்ல ரெண்டுமே, அதோட மூணு மாசம் லைசென்ஸும் போகும். ஜெயிலுக்கு அனுப்பினதை நான் பார்த்ததில்லை, சைலன்சரைக் கழட்டச் சொல்லி ரோட்டோரம் வரிசையா அடுக்கி ரோடு ரோலரை ஏத்தினதை டிவில நீங்களும் பார்த்திருப்பீங்க. நாளைக்கு ஏதாவது விபத்துன்னு இன்சூரன்ஸுக்குப் போனா, கம்பெனிக்குச் சொல்லாம மாத்தின சாமான் இருக்குன்னு அவங்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

இனி அந்தக் கார்க்காரர் விஷயத்துக்கு வருவோம், நான் சொல்ல நினைக்கறதே இதுதான். அவர் உங்களைப் பார்க்கலை, ஏன் பார்க்கலை? ரெண்டு காரணம் இருக்கலாம். காரோட முன் கண்ணாடி ஓரத்துல ஒரு தூண் இருக்கு பாருங்க, உக்காந்து பார்த்தா கொஞ்ச தூரத்துல வர்ற ஒரு பைக்கை முழுசா அது மறைச்சுடும், நீங்களும் அவரும் ஒரே சீரான வேகத்துல ஜங்ஷனை நோக்கி வந்தா நீங்க கடைசி வரைக்கும் அந்தத் தூணுக்குப் பின்னாடியே இருப்பீங்க. இன்னொண்ணு, நேரா எதிர்ல வர்ற ஒத்தை லைட்டு நகர்ற மாதிரியே தெரியாது, தூரத்துல ஒரு புள்ளி, புள்ளி, புள்ளி, அப்புறம் திடீர்னு மூஞ்சிக்கு முன்னாடி முழு பைக்கு. லாரின்னா அகலத்தை வச்சு எவ்ளோ தூரம்னு கண்ணு கணக்குப் போட்டுடும், பைக்குக்கு அந்த அகலம் இல்லை.

ரெண்டுக்குமே வைத்தியம் ஒண்ணுதான், லேன்ல ஒரே கோட்டுல வராதீங்க. ஜங்ஷனுக்கு முன்னாடி, பின்னாடி யாரும் ஒட்டி வரலைன்னு மிரர்ல பார்த்துட்டு, லேனுக்குள்ளயே இடது பக்கம் இருந்து வலது பக்கம் நிதானமா ஒரு தடவை நகருங்க. தூணுக்குப் பின்னாடி இருந்து வெளில வந்துடுவீங்க, குறுக்க நகர்ற லைட்டை கண்ணு உடனே பிடிக்கும். ஆக்சிலேட்டரை விட்டுட்டு ப்ரேக் லீவர் மேல ரெண்டு விரலை வச்சுக்குங்க. டிரைவர் மூஞ்சியைப் பார்த்து "என்னைப் பார்த்துட்டார்"னு முடிவு பண்ணாதீங்க, நேரா உங்க கண்ணைப் பார்த்துட்டே திருப்பறவங்க இருக்காங்க. காரோட முன் வீலைப் பாருங்க. வண்டி நகரப் போகுதுன்னா முதல்ல அந்த வீல்தான் சுத்தும், அது உருள ஆரம்பிச்சா நீங்க ப்ரேக்குக்குப் போயிடணும். இதை மட்டும் ஒரு வாரம் பழகிட்டீங்கன்னா அப்புறம் கண்ணு தானா அங்கதான் போகும்.

ஹார்ன் அடிங்க, ஆனா மோதப் போறப்ப நீட்டி அடிக்கறது இல்லை, முன்னாடியே சின்னதா ரெண்டு தட்டு. உங்ககிட்ட இருக்கற சத்தத்துலயே முன்பக்கம் பார்த்துட்டு இருக்கற ஒரே சத்தம் அதுதான், கூர்மையான சத்தம் வேற, தேவைப்படறப்ப மட்டும் வரும். பல பேரோட வண்டில ஹார்ன் தண்ணி பட்டு கம்மிப்போய் கிடக்குது, அதை மாத்த மாட்டாங்க, சைலன்சர் மாத்துவாங்க.

பணத்தை எங்க போடலாம்னா, கண்ணுல படறதுக்குப் போடுங்க. நியூசிலாந்துல ஆக்லாந்துல பைக்காரங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2004ல வெளியிட்டாங்க, பளிச்னு தெரியற ஜாக்கெட்டோ ரிஃப்ளெக்டரோ போட்டவங்களுக்கு அடிபடற விபத்துல மாட்டற வாய்ப்பு 37 சதவீதம் கம்மி, கருப்பு ஹெல்மெட்டோட ஒப்பிட்டா வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதம் கம்மி, பகல்ல ஹெட்லைட்டு போட்டா 27 சதவீதம் கம்மி. ஹெட்லைட்டு விஷயம் உங்களுக்கு ஏற்கனவே வண்டியிலயே வந்துடுச்சு, 2017 ஏப்ரல்ல இருந்து வர்ற டூவீலர் எல்லாத்துலயும் ஸ்டார்ட் பண்ணாலே எரியும். அதை ஆஃப் பண்ண சுவிட்ச் வச்சுத் தரச் சொல்லி வர்றவங்களும் இருக்காங்க, பேட்டரி வீணாகுதாம், என்னத்தைச் சொல்ல. லைட்டை ஒரு தடவை கொண்டு வந்து லெவல் பார்த்துக்குங்க, எதிர்ல வர்றவர் கண்ணு கூசற எக்ஸ்ட்ரா லைட்டெல்லாம் வேண்டாம், அது அவரைக் குருடாக்கி உங்க மேலயே விடும். ஹெல்மெட் கருப்பா இருந்தா பின்னாடியும் ரெண்டு பக்கமும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்க. நீங்க போறது காலைலயும் இருட்டினதுக்கு அப்புறமும்னா ஆரஞ்சு கலர்ல ஒரு ரிஃப்ளெக்டர் கோட்டு, ரோடு வேலை பார்க்கறவங்க போடறதே போதும், சில நூறு ரூபாதான். ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க, சிரிக்கட்டும். மிச்சப் பணத்துக்கு டயர் பாருங்க, 2022 மாடல்னா டெய்லி ஓடற வண்டில பின் டயர் தேஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். முன் ப்ரேக் ஆயிலும் மாத்தியிருக்க மாட்டீங்க.

2022ல நம்ம நாட்டுல ரோட்டுல செத்தது 1,68,491 பேர், அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க. விபத்து எண்ணிக்கைல தமிழ்நாடுதான் முதல் இடம், 64,105. இவ்ளோ பேர்ல எத்தனை பேருக்கு சைலன்சர் சத்தம் பத்தாம உயிர் போச்சுன்னு யாராவது ஒருத்தர் காட்டட்டும். சத்தமான சைலன்சர் விபத்தைக் குறைக்குதுன்னு கையில வச்சுக் காட்டற மாதிரி ஒரு ஆய்வு இதுவரைக்கும் என் கண்ணுல பட்டதில்லை. அமெரிக்காவுல பைக்காரங்க உரிமைக்குன்னே இருக்கற அமெரிக்கன் மோட்டார்சைக்ளிஸ்ட் அசோசியேஷனே அளவுக்கு மீறின சத்தத்தை எதிர்க்குது, அந்தச் சத்தத்தாலதான் பைக்காரங்க எல்லார் மேலயும் ஊருக்கு வெறுப்பு வருதுன்னு அவங்களே சொல்றாங்க.

சத்தம் கேட்டே ஆகணும்னு ஆசையா இருந்தா, உங்க பைபாஸ்ல இருந்து கொஞ்சம் தள்ளித்தான செட்டிபாளையம், அங்க இருக்கற கரி மோட்டார் ஸ்பீட்வேல ரேஸ் நடக்கறப்ப ஒரு டிக்கெட் வாங்கிட்டுப் போய் உக்காருங்க, காதுல பஞ்சு வச்சுட்டு.

அட்வான்ஸ் 1,000 ரூபாயைத் திருப்பித் தர மாட்டாங்க, கேட்டுச் சண்டை போடாதீங்க. அதே கடைல நல்ல கம்பெனி ஹார்ன் ஒண்ணும், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும், பின் ப்ரேக் பேடும் வாங்கிக்குங்க, கணக்கு சரியாப் போயிடும். ஒருவேளை இதை நீங்க படிக்கறதுக்குள்ள மாத்தியே முடிச்சிருந்தீங்கன்னா, கழட்டின ஒரிஜினல் சைலன்சரை மட்டும் அந்தக் கடைக்காரர் 500க்குக் கேக்கறார்னு குடுத்துடாதீங்க. புதுசா வாங்கப் போனா ஆயிரக்கணக்குல சொல்வாங்க, அதனால அதைத் துணி சுத்தி மழை படாத இடத்துல வைங்க, பெண்ட் பைப் ஜாயிண்ட்டுக்கு புது கேஸ்கெட் ஒண்ணும் வாங்கி வச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியோட பட்டறைக்கு வாங்க, அரை மணி நேர வேலைதான்.